25 வயதில் காரணம் தெரியாத முழங்கால் வலி பல மாதங்களாக நீடிக்கிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். இனி என்ன செய்வது?

அடிபட்ட நினைவே இல்லாமல் எட்டு மாதங்களாக இரண்டு முழங்கால்களும் வலிப்பதாகவும், எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. இரண்டிலும் குறை எதுவும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில், சுற்றியிருப்பவர்கள் நீங்கள் நடிப்பதாக நினைக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. எனக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. நான்கு ஆண்டுகள் இதே வலியோடு இருந்தவருடைய அனுபவம் என்ற அளவில் மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 23 வயதில் தொடங்கியது. படியில் இறங்கும்போது வலது முட்டிச் சில்லுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. ஒரு வாரத்தில் போய்விடும் என்று நினைத்தேன். மூன்று மாதங்களில் இடது காலிலும் வந்துவிட்டது. ஏறும்போது ஓரளவு சமாளிக்க முடிந்தது, இறங்கும்போது கைப்பிடியைப் பற்றாமல் முடியவில்லை. காலை மடக்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எழுந்தவுடன் பத்து அடி தூரம் நொண்டித்தான் நடப்பேன், பிறகு சரியாகிவிடும். நான் பார்த்த முதல் மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் முழங்கால் வலியா என்று சிரித்தார். அவர் மனம் புண்படுத்தவேண்டும் என்று சிரிக்கவில்லை என்பது இப்போது புரிகிறது. ஆனால் அந்தச் சிரிப்பை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்த எனக்கு, அடுத்த ஆறு மாதங்கள் வேறு யாரிடமும் போக மனம் வரவில்லை.

அலுவலகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காலையில் இரண்டு மாடிகளையும் படியேறித்தான் போவேன். மாலையில் இறங்குவதற்கு மட்டும் லிஃப்டுக்காகக் காத்து நிற்பேன். ஏறத் தெரிந்த காலுக்கு இறங்கத் தெரியாதா என்று உடன் வேலை செய்த ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வலி உண்மையானால் ஏறும்போதும் இறங்கும்போதும் வலிக்க வேண்டும் அல்லவா என்று எனக்கே என்மீது சந்தேகம் வந்தது. நாள் முழுவதும் நடந்து திரிந்துவிட்டு, திரையரங்கில் உட்கார்ந்ததும் வலிக்கிறது என்பவரை யார்தான் நம்புவார்கள்?

இந்த முரணுக்குள்தான் விடை இருந்தது என்பதை எனக்குப் புரியவைத்தவர் நான் கடைசியாகப் பார்த்த இயன்முறை மருத்துவர். முட்டியை மடக்கியபடி உடல் எடையைத் தாங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை சில்லைத் தொடையெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. படிகளில் அந்த அழுத்தம் உடல் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு வரை போகும் என்று மதிப்பிடுகிறார்கள், ஆழமாகக் குந்தும்போது அதற்கும் மேல். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்க வேண்டியிருப்பதால் வலி கூடுகிறது. சமதளத்தில் நடக்கும்போது முட்டி அவ்வளவாக மடங்குவதில்லை, அதனால் நடை எளிதாக இருக்கிறது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் வலிப்பதும் இந்த வலியின் அடையாளம்தான், மருத்துவத்தில் அதற்குத் திரையரங்க அறிகுறி என்றே பெயர் உண்டு. முட்டிச் சில்லும் தொடையெலும்பும் சேரும் இடத்தில் வரும் இந்த வலிக்கு உள்ள பட்டெல்லோஃபெமோரல் வலி என்ற பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். பிறர் என்னைச் சந்தேகிக்கக் காரணமாக இருந்த ஒவ்வொன்றும் அந்த வலியின் இலக்கணத்தில் ஏற்கெனவே இருந்தது.

ஸ்கேன் ஏன் சுத்தமாக இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு ஆறுதல் தந்த செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஸ்காட் டை, மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து செலுத்தாமல், தன் முழங்காலுக்குள்ளேயே கருவியைச் செலுத்தச் சொல்லி, எந்த இடத்தைத் தொட்டால் எப்படி உணர்கிறது என்று விழித்த நிலையில் பதிவுசெய்து 1998இல் வெளியிட்டார். சில்லின் குருத்தெலும்பைக் குத்தியபோது அவருக்கு வலிக்கவில்லை. மூட்டின் உள்சவ்வையும், சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டையும் தொட்டபோது கடுமையாக வலித்தது. குருத்தெலும்பில் நரம்பு கிடையாது, நரம்பு செறிந்த அந்த மென்பகுதிகளின் எரிச்சலோ எல்லா நேரமும் படத்தில் தெரிந்துவிடுவதில்லை. மறுபக்கம், படத்தில் தேய்மானமும் கிழிசலும் தெரிந்தும் வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளமானோர் இருக்கிறார்கள். வலி பற்றிய ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையிலும், திசுச் சேதத்தால் வருவதை மட்டுமன்றி, சேதத்தால் வருவதை ஒத்த அனுபவத்தையும் வலி என்றே ஏற்றிருக்கிறார்கள். வலி எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது என்று நான் சொல்ல வருவதாக யாரும் திரித்துவிட வேண்டாம். அதற்கு நேர்மாறானதைத்தான் சொல்கிறேன்.

நான் செய்த பெரிய தவறு ஓய்வு எடுத்தது. வலிக்கும் காலுக்கு ஓய்வு கொடுப்பதுதானே முறை என்று நான்கு மாதங்கள் படியைத் தொடவில்லை, குந்தவில்லை, நடையைக்கூடக் குறைத்துக்கொண்டேன். வலி உண்மையிலேயே குறைந்தது. ஐந்தாவது மாதம் ஒரு நாள் பேருந்தைப் பிடிக்க ஓடியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. இயன்முறை மருத்துவர் அளவு நாடாவால் என் தொடைகளை அளந்தபோது வலது தொடை இடதைவிட மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. வலிக்கு அஞ்சித் தசையைப் பயன்படுத்தாமல் விட, தசை மெலிய, மெலிந்த தசையால் தாங்க முடிகிற சுமை இன்னும் குறைய, பழைய வாழ்க்கையே அளவுக்கு மீறியதாகிவிடுகிறது. ஓய்வே கூடாது என்று சொல்லவில்லை. முதல் சில நாட்களுக்குச் சுமையைக் குறைப்பது தேவைதான். நான் அதை நான்கு மாதங்களுக்கு நீட்டியதுதான் கேடாக முடிந்தது.

அவர் என்னைக் கண்ணாடி முன் ஒரு தாழ்ந்த படியில் நிறுத்தி, ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கச் சொன்னார். என் முட்டி உள்பக்கமாகச் சரிவதை நானே பார்த்தேன். இடுப்பின் பக்கத் தசை வலுவிழந்தால் அப்படி ஆகலாம் என்று விளக்கி, முட்டி வலிக்கு இடுப்புக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெதுவாக எழுந்து அமர்வது, காலை நீட்டியபடி உயர்த்துவது, பிறகு அந்தத் தாழ்ந்த படி. பார்ப்பதற்கு எதுவுமே பெரிய பயிற்சியாகத் தோன்றாது. செய்யும்போது பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், ஆனால் மறுநாள் காலையில் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும், திரும்பாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதே அவர் வைத்த ஒரே விதி. இதற்காகத் தினமும் ஒரு நோட்டில் என்ன செய்தேன், எத்தனை படி இறங்கினேன், காலையில் எப்படி இருந்தது என்று எழுதினேன். முதல் ஐந்து வாரங்களில் வலி குறைந்ததாக நினைவில்லை. ஆனால் நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது, முன்பு மூன்று நாள் நீடித்த வலி ஒரே நாளில் அடங்கியிருந்தது தெரிந்தது. ஆறாவது வாரத்தில் அந்தப் பக்கங்கள் கையில் இல்லாதிருந்தால் பயிற்சியை நிறுத்தியிருப்பேன். படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க ஏழு மாதங்கள் ஆயின.

என் கதையைப் படித்துவிட்டு உங்களுக்கும் இதுதான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். இருபதுகளில் வரும் முட்டி வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. வீக்கம் அல்லது நீர் கோத்தல், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், அசையாமல் படுத்திருக்கும்போதும் இரவில் எழுப்பிவிடும் வலி, மூட்டு பூட்டிக்கொள்வது, திடீரென மடங்கி விழவைப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தேடாமல் முதலில் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். அழற்சி மூட்டுவாதம் இளம் வயதிலேயே தொடங்கலாம். எலும்புக் கட்டி அரிது என்றாலும் இளையவர்களுக்கு அது முழங்காலை ஒட்டித்தான் அதிகம் வருகிறது. இடுப்பு மூட்டின் கோளாறுகூட முட்டியில் வலியாகத் தெரியலாம், ஆகவே இடுப்பைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். என்னை முதல் மூன்று மருத்துவர்களில் ஒருவரும் சோதிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தார்கள், என்னை நடக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. மருத்துவர்கள் எல்லோரும் இப்படி என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு, எனக்கு வழிகாட்டியவரும் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்தான். வெளியே வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் முட்டி வலி என்று வந்தவரை ஒரு படி இறங்கச் சொல்லிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இப்போதும் இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் வலது முட்டி முனகத்தான் செய்கிறது. மடக்கும்போது நெறுநெறுவென்று ஓசையும் வருகிறது, வலியில்லாத அந்த ஓசையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் அடுத்த முறை போவதற்கு முன் இரண்டு வாரங்கள் நோட்டு எழுதுங்கள்: ஏறும்போதா இறங்கும்போதா, உட்காரும்போதா எழும்போதா, எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது, மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது. வலிக்கிறது என்று மட்டும் சொன்ன எனக்கு மூன்று இடங்களில் கிடைக்காத கவனம், இப்படி எழுதிய இரண்டு பக்கங்களை மேசைமேல் வைத்தபோது கிடைத்தது.