மாதம் இரண்டு சனிக்கிழமை: மலைப் பிள்ளைகளின் வழிகாட்டிகளுக்கு

ஏற்காட்டு மலை ஊர்களில் எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, சேலத்திலிருந்து ஓர் அக்காவையோ அண்ணனையோ வழிகாட்டியாகச் சேர்த்துவிடும் வேலையைப் பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன். அதற்கு முன்பு மலையிலேயே ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் புது ஜோடிகள் சேரும்போது கேள்விகள் குவியும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

டீச்சர், எனக்கு ஒன்பதாவது படிக்கும் ஒரு தங்கையைக் கொடுத்திருக்கிறீர்கள். முதல் நாள் என்ன பேசுவது? நானே இப்போதுதான் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

படிப்பைப் பற்றிப் பேசாதே அம்மா. "எத்தனை மார்க்?" என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளைக்குச் சலித்திருக்கும். "உங்க வீட்டுக்கு எந்த வழி?" என்று கேட்டு அவள் பின்னால் நட. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், காப்பிச் செடியில் காய் பிடித்திருக்கும். அதெல்லாம் என்ன என்று அவள் சொல்லட்டும், நீ கேட்டுக்கொள். நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் துவாகானா, தேய்னா என்று ஒரு முறை உண்டு. மூத்தவர், இளையவர் என்று பொருள். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் இளையவருக்குத் தெரிந்த விஷயம் வந்தால் இடம் மாறிக்கொள்வார்கள். அங்கே பள்ளிகளிலும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். முதல் நாள் அவள் அக்கா, நீ தங்கை. அப்படி ஆரம்பித்த ஜோடிகள்தான் எங்களிடம் நீடித்திருக்கின்றன.

எனக்கு எப்போது வேண்டுமானாலும் இடமாற்றம் வரலாம். மூன்று மாதம் மட்டும் வழிகாட்டியாக இருக்கலாமா? (வங்கி ஊழியர், சூரமங்கலம்)

வேண்டாம் ஐயா. உங்கள் நல்ல மனசு புரிகிறது, ஆனாலும் வேண்டாம்.

அமெரிக்காவில் 1904 முதல் வேர்விட்ட பழைய இயக்கம் ஒன்று இருக்கிறது, பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ். பெரியவர் ஒருவரைப் பிள்ளை ஒன்றுக்கு அண்ணனாகவோ அக்காவாகவோ சேர்த்துவிடுவார்கள். அந்த ஜோடிகளை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு வருஷமும் அதற்கு மேலும் நீடித்த ஜோடிகளில்தான் பிள்ளைகளுக்கு நிறைய நன்மை. மூன்று மாதத்துக்குள் முறிந்த ஜோடிகளில் பிள்ளைகளுக்குத் தங்கள் மேலேயே இருந்த மதிப்பு குறைந்துபோயிருந்தது. அதாவது யாருமே வராமல் இருந்திருந்தால் அவர்கள் இன்னும் நன்றாக இருந்திருப்பார்கள்.

அந்த ஆய்வைப் படிப்பதற்கு முன்பே இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் இரண்டாவது வருஷத்தில் ஒரு தம்பி இரண்டு முறை வந்துவிட்டு நின்றுவிட்டார். அவருக்காகக் காத்திருந்த பையன் அடுத்த நான்கு சனிக்கிழமையும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தான். ஐந்தாவது வாரம் என்னிடம் வந்து, "நான் எதாச்சும் தப்பா பேசிட்டேனா டீச்சர்?" என்றான். அன்று முதல் ஒரு வருஷம் வருவேன் என்று உறுதி சொல்லாத யாரையும் நான் ஜோடி சேர்ப்பதில்லை.

உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு நாள் மேலே வந்து, கல்விக் கடன் மனுவை எப்படி நிரப்புவது என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுங்கள். அன்று ஒரு நாள்தான் வருவீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை.

டவுன் புள்ளைங்ககூடப் பழகினா எம்மக நம்ம வீட்டை மதிக்காமப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு டீச்சர். (காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் தாய், ஏற்காடு)

உங்கள் பயம் நியாயமானது அம்மா. இப்படி நடந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளையை மட்டும் தனியாகப் பிடித்து, "நீ இங்கிருந்து தப்பித்துப் போ" என்கிற மாதிரி வழிகாட்டினால் அப்படித்தான் ஆகும்.

சுவீடனில் மால்மோ என்ற ஊரில் 1997 முதல் நைட்டிங்கேல் என்ற திட்டம் நடக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள், வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு வாரம் ஒருமுறை பழகுவார்கள். அந்த மாணவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும், தங்களுக்குத் தெரியாத வீடுகளை அறிந்துகொள்ள வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது அதுதான். அதனால் எங்கள் வழிகாட்டிகள் முதலில் உங்கள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, உங்களோடு பேசுவார்கள். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் வழக்கங்களை உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மகளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவீர்கள் என்று தெரியும். அதற்காக உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த வாரங்களில் விட்டுப்போன பாடத்தை உட்கார்ந்து சேர்த்துப் படிக்க வைப்பது அக்காவின் பொறுப்பு.

நம் மண்ணில் குரு சீடர் மரபே இருக்கும்போது இந்த மென்டரிங் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு இல்லையா? (தமிழாசிரியர், அம்மாபேட்டை)

சரக்கு இங்கிருந்துதான் போனது ஐயா. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார் அல்லவா? மூத்த மாணவர் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் மணலைப் பரப்பினார், மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடே அது அங்கே பரவியது.

நீங்கள் நன்னூல் நடத்தியிருப்பீர்கள். குளிர் காய்பவர் நெருப்பிடம் இருப்பதுபோல, மாணவர் ஆசிரியரை ரொம்ப விலகாமலும் ரொம்ப நெருங்காமலும் இருக்க வேண்டும் என்று அதில் வரும். புதிதாக வரும் வழிகாட்டிகளுக்கு இதையேதான் திருப்பிச் சொல்கிறேன். பிள்ளைக்கு அம்மாவாகிவிடவும் வேண்டாம், அதிகாரியாகிவிடவும் வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய மரபில் யார் சீடராகலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. மலைப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சட்டாம்பிள்ளையை, அந்த வாசல் கதவை அல்ல.

இதனால் மார்க் ஏறுமா? (பெற்றோர், கொண்டலாம்பட்டி)

கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். நான் முன்பு சொன்ன அமெரிக்க இயக்கத்தைப் பற்றி 1995-இல் ஓர் ஆய்வு வந்தது. 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பிள்ளைகள். பாதிப் பேருக்கு அண்ணன் அக்கா கிடைத்தார்கள், மீதிப் பேர் காத்திருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் துணை கிடைத்த பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது பாதியாகக் குறைந்திருந்தது. போதைப் பழக்கம் தொடங்கியவர்களும் குறைவு. அங்கே பெரும்பாலான ஜோடிகள் மாதம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம் பார்த்துக்கொண்டார்கள். நமக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ் நேரமும் இருப்பதால் மாதம் இரண்டுதான் முடிகிறது. அந்த இரண்டு தவறவே கூடாது.

மார்க்கை விட நான் கவலைப்படுவது காகிதங்களைப் பற்றி. சாதிச் சான்றிதழ், ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. காகிதம் தயாராக இல்லாமல் அது தள்ளிப்போன வீடுகள் எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது தேர்வுக்குப் பிறகு ஓடாமல், பத்தாவதிலேயே எல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள்.

போனிலேயே பேசிக்கொண்டால் போதாதா? (பொறியாளர், ஐந்து ரோடு)

இடையில் பேசலாம். நேரில் வருவதற்குப் பதிலாக ஆகாது. மேலே பல ஊர்களில் சிக்னலும் கிடையாது.

பெண் பிள்ளைக்கு அண்ணன் வழிகாட்டியாக இருக்கலாமா? (பள்ளி ஆசிரியை, வாழப்பாடி)

எங்களிடம் பெண்களுக்கு அக்காதான். பையன்களுக்கு இருவரும் உண்டு. யாராக இருந்தாலும் சந்திப்பு பள்ளித் தாழ்வாரத்திலோ வீட்டுத் திண்ணையிலோ, நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதல் நாளே பிள்ளையின் நோட்டில் எழுத வைக்கிறோம். எங்களைப் பற்றியே புகார் சொல்லவும் அந்த எண்தான் என்று விளக்கிவிடுகிறோம்.

வழிகாட்டிகளுக்குப் பணம் கொடுப்பது சரியா? (பேராசிரியர், சேலம்)

தப்பில்லை. இஸ்ரேலில் 1974-இல் தொடங்கிய பெராக் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதி உதவித்தொகையாகக் கிடைக்கிறது. சுவீடன் திட்டத்துக்கே அதுதான் முன்மாதிரி. எங்களால் பஸ் காசும் மதியச் சாப்பாடும்தான் முடிகிறது. அதையாவது கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் வழிகாட்டியாக வருவார்கள். மலைப் பிள்ளைக்கு அவர்களைவிட, தானும் தட்டுத்தடுமாறி மேலே வந்த ஓர் அக்காதான் தேவை.

டீச்சர், ஐந்து வருஷம் என்னைப் பார்க்க வந்த அண்ணன் இப்போது சென்னையில் இருக்கிறார். நான் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். நானும் வரலாமா? (மாணவர், மலை ஊர் ஒன்றிலிருந்து)

வா தம்பி. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எட்டாவது படிக்கும் ஒரு பையன் இருக்கிறான், சரியாகப் பேசவே மாட்டான். நீயும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தாய். வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்கு அடிவாரத்தில் நில், ஒன்றாகவே மேலே போகலாம். அண்ணனுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு.