மேல்வீட்டுத் தண்ணீர், கீழ்வீட்டுச் சுவர்

கேள்வி: மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து, எங்கள் ஜிப்சம் போர்டு சுவர் ஊறி உப்பிவிட்டது. "போன மாதமே பிளம்பரிடம் சொன்னேன், வரவில்லை. பெயின்ட் செலவைத் தருகிறேன், ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் மேல்வீட்டுக்காரர். தங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை சுவரைத் தொடக் கூடாது என்கிறது காப்பீட்டு நிறுவனம். என்ன செய்ய?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். "இனி எதுவும் கோர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் வழக்கு மட்டும் போகாது. உங்களுக்குக் கொடுத்த தொகையை மேல்வீட்டுக்காரரிடம் வசூலிக்கும் உரிமை பொதுவாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு. அந்தக் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள் என்று சொல்லி உங்கள் கோரிக்கையைத் தள்ளிவிடலாம்.

தவிர, இது பெயின்ட் வேலையே அல்ல. அந்தப் போர்டில் ஜிப்சத்தின் இருபுறமும் காகிதம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சைக்கு அந்தக் காகிதமே தீனி. மேலே பெயின்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும்.

ஆகவே "தொடாதே" என்றதைக் கேட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. சேதம் பெருகாமல் பார்ப்பது உங்கள் கடமை. தடுத்திருக்கக்கூடிய சேதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. போர்டைப் பெயர்த்துக் குப்பையில் போட்டாலோ சாட்சியம் போச்சு. ஈரக்கறையின் விளிம்பில் அளவு டேப்பைப் பிடித்துப் படமெடுங்கள். "இன்ன நாளில் வெட்டப் போகிறோம், அதற்குள் வந்து பாருங்கள்" என்று இரு தரப்புக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நாளைத் தள்ளிப் போடாதீர்கள். வெட்டியதில் ஒரு துண்டை உலர்த்தி, தேதியிட்டுக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். பூஞ்சை சுவரில் வந்ததா, பையில் வந்ததா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன்.

மேலிருந்து தண்ணீர் வந்தது என்பதாலேயே வழக்கு ஜெயித்துவிடாது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் நாடுகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ரிக்கார்ட்ஸ் எதிர் லோத்தியன் வழக்கில், மேல்மாடியில் யாரோ வேண்டுமென்றே கழிவுக்குழாயை அடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட, கீழே சரக்கு நனைந்தது. கட்டடத்தில் குழாய்த் தண்ணீர் இருப்பது சாதாரண விஷயம், கவனக்குறைவு இல்லாமல் பொறுப்பில்லை என்று 1913இல் பிரிவி கவுன்சில் (அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்) கைவிரித்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் அந்தக் கவனக்குறைவை அவரே சொல்லிவிட்டார்: "போன மாதமே". "நீங்கள் இன்று சொன்னபடி" என்று தொடங்கி அதை அவருக்கே ஒரு செய்தியாக அனுப்புங்கள். அவர் மறுக்காவிட்டால் பிறகு உதவும்.

காப்பீட்டுப் படிவத்தில் கவனம். திடீர்க் கசிவுக்குப் பணம் தரும் பல பாலிசிகள், நாள்பட்ட கசிவுக்குத் தருவதில்லை. அவருக்கு ஒரு மாதமாகத் தெரியும் என்பதால் உங்களுக்கும் தெரிந்ததாக ஆகாது. நீங்கள் முதலில் கறையைப் பார்த்த தேதியை எழுதுங்கள். அவர் சொன்னதைப் பற்றி நிறுவனம் கேட்டால், அவர் சொன்னதாகவே சொல்லுங்கள். மறைக்கவும் வேண்டாம், நீங்களாக ஊகிக்கவும் வேண்டாம்.