ஆஸ்திரேலியரா, நியூசிலாந்துக்காரரா?

ஆங்கிலம் பேசும் வாடிக்கையாளர் இந்த இரண்டில் எந்த நாட்டவர் என்பதை உச்சரிப்பை வைத்தே ஊகிக்கலாம். அவர் சொல்லும் ‘பென்’ (பேனா) உங்கள் காதில் ‘பின்’ என்று விழுகிறதென்றால், பெரும்பாலும் நியூசிலாந்துக்காரர்தான். அங்கே எகரத்தைச் சொல்லும்போது நாக்கு மேலேறி, ஒலி இகரத்தை ஒட்டிவிட்டது. ஆஸ்திரேலியரிடமும் அது கொஞ்சம் உண்டு, அதனால்தான் குழப்பம்.

உறுதிப்படுத்த, ஆறு வரும் தொலைபேசி எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். ‘சிக்ஸ்’ என்பது ‘சக்ஸ்’ பக்கம் மங்கினால் நியூசிலாந்து. ‘சீக்ஸ்’ பக்கம் கூர்மையானால் ஆஸ்திரேலியா. இதைவிட நல்ல சோதனை கிடையாது. ‘பியர்’ என்ற பானமும் ‘பேர்’ என்ற கரடியும் ஒரே மாதிரி ஒலித்தால், நியூசிலாந்து என்பதற்கு இன்னும் பலம்.

‘டேன்ஸ்’ என்னாமல் ‘டான்ஸ்’ என்று சொல்லும் ஆகார நெடிலை மட்டும் நம்பாதீர்கள். நியூசிலாந்தில் நெடில்தான், ஆனால் ஆஸ்திரேலிய நகரமான அடிலெய்டிலும் பலர் அப்படியே சொல்வார்கள். நண்பரை அழைக்கும் ‘மேட்’ என்ற சொல்லை ‘மைட்’ என்று இழுப்பதெல்லாம் இரண்டு நாட்டிலும் கேட்கும்.

சொல் கடைசி ‘ர்’ அழுத்தமாக உருண்டால் குழம்ப வேண்டாம்: நியூசிலாந்தின் தென்கோடி சவுத்லாந்தில் ஸ்காட்லாந்துக் குடியேறிகள் விட்டுச்சென்ற பழக்கம் அது.