தேய்ந்த விரல்களும் ரேஷன் அரிசியும்

கேள்வி: கொத்து வேலை செய்து ஓய்ந்த என் அம்மாவை, கைரேகை பதியவில்லை என்று ரேஷன் கடையில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இயந்திரம் எல்லோருக்கும் பொதுதானே? இதில் ஏற்றத்தாழ்வு எங்கே வருகிறது?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: உங்கள் அம்மாவின் உள்ளங்கையைப் பாருங்கள், சகோதரி. சிமெண்டின் காரம் தோலை அரித்துவிடும். வயதும் சேர்ந்தால் ரேகை மழுங்கிப்போகும். நாள் முழுவதும் பேனா பிடிக்கும் எனக்கு முதல் தடவையிலேயே பதிந்துவிடுகிறது. என் அத்தையும் சித்தாள் வேலை பார்த்தவர். விரலை ஈரத்துணியில் துடைத்து, முந்தானையில் ஒற்றி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். குற்றம் செய்தவர்போல் அவர் கூனி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

உழைத்துத் தேய்ந்த கையைத்தான் இந்த ஏற்பாடு முதலில் சந்தேகிக்கிறது. திட்டம் வகுத்தவர்கள் யாருடைய விரலை மனத்தில் வைத்திருந்தார்கள் என்று கோபமாகவே கேட்கிறேன்.

2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பில், மானியங்களுக்கு ஆதாரைக் கேட்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால், ரேகை பொருந்தாததால் தகுதியுள்ள எவருக்கும் உதவி மறுக்கப்படக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆகவே வெறும் பையோடு திரும்பாதீர்கள். கருவிழிப் பதிவோ, கைப்பேசிக்கு வரும் ஓடிபியோ கேளுங்கள். கடைக்கு நடக்க முடியாத முதியவர் சார்பில் வேறொருவர் வாங்கவும் விண்ணப்பம் இருக்கிறது. மறுத்தால் 1967-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.