லகூனில் குடும்பத்தோடு தூண்டில்: கேள்வி பதில்

மொரீஷியஸில் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகளை முதல் தடவையாகத் தூண்டில் போட அழைத்துப்போவது எப்படி என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். லகூனில், அதாவது கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவே உள்ள அமைதியான கடலில், கரையில் நின்றோ முழங்கால் ஆழத்தில் நின்றோ மூங்கில் கம்பிலும் கைநூலிலும் பிடிப்பதைப் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். படகு, ஆழ்கடல், மார்லின் எல்லாம் என் வேலை இல்லை.

ரோஸ் ஹில், இரண்டு பிள்ளைகளின் அம்மா: வீட்டில் யாருக்கும் மீன்பிடிக்கத் தெரியாது அண்ணே. பிள்ளைகளுக்கு 6 வயது, 9 வயது. எந்தக் கடற்கரைக்குப் போவது?

காற்றைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள் தங்கச்சி. நம் தீவில் பெரும்பாலும் தென்கிழக்குக் காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அது பலமாக வீசும். அப்போது பெல் மார், பால்மார் பக்கம் போனால் நூல் நேராக நிற்காது, பிள்ளைகள் அரைமணி நேரத்தில் குளிருகிறது என்பார்கள். அந்த மாதங்களில் மேற்கே ஃபிளிக்-அன்-ஃப்ளாக், வடமேற்கே மோன் ஷுவாசி நல்லது. காற்று தணியும் கோடை மாதங்களில் கிழக்குக் கரைக்குப் போகலாம்.

இடத்துக்குப் போனதும் கடலைப் பாருங்கள். தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை உடைந்தால் அங்கே பவளத்திட்டு இருக்கிறது, உள்ளே லகூன் அமைதியாக இருக்கும். அந்தக் கோடு ஓரிடத்தில் அறுந்து நீர் கருநீலமாகத் தெரிந்தால் அதுதான் பாஸ். திட்டின் மேல் ஏறி உள்ளே வந்த தண்ணீர் எல்லாம் அந்த வாய் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். மேலே பார்த்தால் அமைதி, அடியில் இழுப்பு. பாஸுக்கு எதிரே உள்ள கரையில் பிள்ளைகளை இறக்காதீர்கள். சூயாக் பக்கம் க்ரி-க்ரியில் திட்டே இல்லை, அலை நேராகக் கரையில் அறைகிறது. அங்கே வேடிக்கை பார்க்கலாம், தூண்டில் வேண்டாம்.

இன்னொன்று, மிதவைகள் கட்டி நீச்சலுக்கு ஒதுக்கிய இடத்தில் முள் வீசாதீர்கள். நிழலுக்குச் சவுக்கு மரம் இருக்கும் இடமாகப் பாருங்கள். மதியச் சாப்பாடு அங்கேதானே.

வாக்வா, ஒரு அப்பா: என்னென்ன வாங்க வேண்டும்? கடையில் 4000 ரூபாய்க்கு ராடும் ரீலும் காட்டுகிறார்கள்.

வாங்காதீர்கள். ரீல் முதல் நாளில் பிள்ளைக்கு உதவாது. நூல் சிக்கும், நீங்கள் சிக்கெடுத்துக்கொண்டே பொழுதைப் போக்குவீர்கள். நம் ஊர் கோலெத் போதும், அதாவது மூன்று நான்கு மீட்டர் நீள மூங்கில் கம்பு. சின்னப் பிள்ளைக்கு இரண்டரை மீட்டர். கம்பின் நீளத்துக்கே நூல், அதற்கு மேல் வேண்டாம். 0.20 அல்லது 0.25 மில்லிமீட்டர் நைலான், விரல் நுனி அளவு தக்கை, நெல்மணி அளவு ஈயம், 10 அல்லது 12ஆம் எண் முள்.

பெரிய முள் போட்டால் பெரிய மீன் வரும் என்பது பலர் செய்யும் தவறு. கரையோரத்தில் வரும் மீனுக்கு வாய் சிறிது. பெரிய முள்ளில் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகும், பிள்ளை சலித்துவிடும். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் அழுத்தி மட்டமாக்கிவிடுங்கள். மீன் கொஞ்சம் தப்பும்தான். ஆனால் பிள்ளையின் விரலில் ஏறினால் வந்த வழியே எடுத்துவிடலாம்.

இரைக்கு ரொட்டியின் உள்மாவைக் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டுங்கள். அதோடு உரித்த இறாலைப் பயறளவு வெட்டிக் கொண்டுபோங்கள். ரொட்டிக்கு மடவையும் கோர்டோனியேயும் (நம் ஓரா மீன்) வரும். இறாலுக்கு ரூஜே, அதாவது நவரை. தாடையில் இரண்டு மீசை இருக்கும், மணலைக் கிளறிக்கொண்டே போகும். குட்டிப் பாரையும் வரும். நாம் காரங் என்கிறோமே, அதுதான்.

திரியோலே: எத்தனை மணிக்குப் போவது?

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, இல்லாவிட்டால் மாலை நான்குக்கு மேல். நம் கடலில் ஏற்ற இறக்கம் சிறிது, பெரிய நாளிலும் அரை மீட்டர் அளவுதான். ஆனால் முழங்கால் ஆழத்தில் அரை மீட்டர் என்பது பெரிய வித்தியாசம். நீர் ஏறும் நேரத்தில் மீனும் கரைப்பக்கம் ஏறி வரும்.

போ பாசன்: நல்ல கடற்கரை எது அண்ணே?

முதல் பதிலில் இருக்கிறது.

மாஹேபூர், கல்லூரி மாணவர்: புளூ பேயில் அவ்வளவு மீன் தெரிகிறதே, அங்கே போடலாமா?

தெரிவதற்குக் காரணமே அது காப்பாற்றப்பட்ட இடம் என்பதுதான் தம்பி. 1997இல் அதையும் பலக்லாவாவையும் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகளாக அறிவித்தார்கள். 2008இல் புளூ பே ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. கண்ணாடிப் படகில் ஏறிப் பிள்ளைகளுக்கு மீனைக் காட்டுங்கள், தூண்டிலுக்கு வேறு இடம் போங்கள். போகும் பகுதியின் விதிகளைப் பக்கத்து மீன்வளத்துறைச் சாவடியில் ஒரு தடவை கேட்டுக்கொள்வதும் நல்லது.

குவாத்ர் போர்ன், ஒரு அம்மா: காலில் சவாத் (ரப்பர் செருப்பு) போதும்தானே? பிள்ளைகள் ஷூ போட அழுகிறார்கள்.

போதாது. அழுதாலும் போடுங்கள். கெட்டி அடியுள்ள மூடிய காலணி, பழைய கான்வாஸ் ஷூவானாலும் சரி. அது இல்லாத பிள்ளை உலர்ந்த மணலில் நின்று பிடிக்கட்டும், தண்ணீரில் இறங்க வேண்டாம். காரணம் லாஃப், அதாவது நஞ்சு முள்ளுள்ள கல்மீன்.

ஃப்ளாக், பெரியவர்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். என் அப்பா ஆயுள் முழுக்க வெறுங்காலோடுதான் லகூனில் நடந்தார். ஒன்றும் ஆகவில்லை. இப்போது பிள்ளைகளைப் பயமுறுத்தியே வளர்க்கிறீர்கள்.

ஐயா, உங்கள் அப்பாவுக்குக் கண் இருந்தது. எங்கே மணல், எங்கே உடைந்த பவளம், எங்கே கால் வைக்கக்கூடாது என்பது அவர் காலுக்கே தெரியும். கியூர்பீப்பிலிருந்து பஸ் பிடித்து வரும் 6 வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. லாஃப் என்கிற கல்மீன் அசையாமல் கிடக்கும். பாசி படிந்த கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கிட்டே போனாலும் ஓடாது. முதுகில் பன்னிரண்டு பதின்மூன்று முள், ஒவ்வொன்றுக்கும் நஞ்சுப்பை. மிதித்த அழுத்தத்திலேயே நஞ்சு ஏறும். சவாத்தின் மெல்லிய அடியை அந்த முள் துளைத்துவிடும். பயமுறுத்தச் சொல்லவில்லை, மறுபடியும் கடலுக்கு வர ஆசைப்பட வேண்டுமே என்றுதான் சொல்கிறேன்.

ஃப்ளாக், பெரியவர்: சரி, குத்தினால்தான் என்ன, எலுமிச்சம்பழம் தேய்த்துக் கயிறு கட்டினால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கயிறு கட்டவே கூடாது ஐயா, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று காலுக்கே கேடு. எலுமிச்சைக்கும் அந்த நஞ்சுக்கும் சம்பந்தமில்லை. கத்தியால் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். வலியைக் குறைப்பது சூடு. அந்த நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். 45 டிகிரி அளவுத் தண்ணீரில் காலை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்க வேண்டும். கடற்கரைக்கு ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோகச் சொல்வது இதற்குத்தான். டீக்கும் ஆகும்.

பொர்ட் லூயிஸ், நர்ஸ்: அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன், ஃபிளாஸ்க் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். வலியில் இருக்கும் காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோய் வந்தவர்கள் உண்டு.

மிக்க நன்றி தங்கச்சி, அது முக்கியம். பெரியவர் ஒருவர் தன் கையை விட்டுப் பார்த்து, தாங்கும் சூடு என்றால் மட்டும் பிள்ளையின் காலை வைக்கவும். வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 114ஐக் கூப்பிடுங்கள். தென்கிழக்கில் இருந்தால் ரோஸ் பெல் ஜவஹர்லால் நேரு ஆஸ்பத்திரி.

ஃப்ளாக், பெரியவர்: வெந்நீர் விஷயம் எனக்குத் தெரியாது. பேரனுக்கு ஷூ வாங்குகிறேன்.

சந்தோஷம் ஐயா. நீங்களும் கூடப் போங்கள். மணல் எது, கல் எது என்று அவனுக்குக் காட்ட உங்களைவிட யார் இருக்கிறார்கள்?

குட்லாண்ட்ஸ்: மாட்டிய மீனைப் பிள்ளை கையால் எடுக்கலாமா?

முதலில் நீங்கள் எடுங்கள். கோர்டோனியேயின் முதுகிலும் வயிற்றிலும் நஞ்சு முள் உண்டு. ஆளைக் கொல்லாது, ஆனால் அன்றைய பொழுதைக் கெடுத்துவிடும். ஈரத்துணியால் தலைப்பக்கமிருந்து பின்னோக்கித் தடவி முள்ளை மடக்கிப் பிடிக்க வேண்டும். குத்தினால் இதற்கும் வெந்நீர்தான். பலூன் போல உப்பும் பேத்தை மீன் வந்தால் தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, நாய்க்கும் போடாதீர்கள். அழகான கூம்புச் சங்கைப் பிள்ளைகள் பொறுக்கவும் விடாதீர்கள். உயிரோடிருந்தால் சில வகை கொட்டி ஆளையே கொல்லும்.

ரிவியேர் நுவார்: கடற்கரை எது நல்லது? காலணி அவசியமா?

இரண்டுக்கும் மேலே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

வாக்வா, இன்னொருவர்: பிள்ளைகளோடு ஊரி (ஆக்டோபஸ்) தேடிப் போகலாமா?

ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை தடை. மற்ற நாளிலும் பிள்ளைகளோடு வேண்டாம். ஊரித் தேடுவது என்றால் பவளத்தின் மேல் நடப்பது. பவளம் உடையும், லாஃப் கிடப்பதும் அங்கேதான். கடலுக்கடியில் சுடும் துப்பாக்கியும் சட்டப்படி தடை, யாராவது காட்டினாலும் ஆசைப்படாதீர்கள்.

திரியோலே, ஒரு பாட்டி: ஜனவரியில் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். காவடி விரதமும் வருகிறதே?

பாட்டி, விரதம் இருக்கும் பத்து நாளும் தூண்டிலை எடுக்க வேண்டாம், காவடி முடிந்து போகலாம். ஆனால் அது சூறாவளிக் காலம். கிளாஸ் 1 புயல் எச்சரிக்கை அறிவித்த அன்றே பயணத்தை நிறுத்துங்கள். புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதன் அலை திட்டைத் தாண்டி உள்ளே வரும், பாஸில் இழுப்பு கூடும்.

கியூர்பீப்: பிடித்ததையெல்லாம் சாப்பிடலாமா? மீன் விஷம் என்கிறார்களே.

அது பெரும்பாலும் திட்டில் வாழும் பெரிய மீன்களில் சேர்வது. பவளத்தில் படியும் நுண்பாசியில் தொடங்கி, சின்ன மீன் வழியாகப் பெரிய மீனுக்கு ஏறுகிறது. வரவரா என்கிற சங்கரா வகைப் பெரிய மீன் அதில் பேர்போனது. சமைத்தாலும் ஐஸில் வைத்தாலும் போகாது. உதடு மரத்து, குளிர்ந்த தண்ணீர் சுடுவதுபோல் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அடையாளம் தெரியாத மீன் எதையும் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள், பக்கத்தில் நிற்கும் மீனவரிடம் காட்டிக் கேளுங்கள்.

உள்ளங்கையைவிடச் சிறியதைத் திரும்ப விடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தண்ணீருக்குள்ளேயே விடப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். அந்தக் குட்டிதான் இரண்டு வருடத்தில் நல்ல மீன்.

போ பாசன்: பிடித்த மீனை வீட்டுக்கு வரும்வரை எப்படி வைப்பது?

பிடித்த உடனே ஐஸ் பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வெயிலில் தொங்கவிட்டால் ரூஜே பத்து மணிக்கே குழைந்துவிடும். குடலைக் கடற்கரையில் எறியாமல் பையில் கட்டி எடுத்துவாருங்கள். வீட்டில் செதில் நீக்கி, மஞ்சள், மிளகாய், உப்பு தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, முழுதாகப் பொரியுங்கள். தலையையும் சேர்த்து.