மறதிநோய் உள்ள தாயைப் பராமரிப்பவருக்கு ஆதரவுக் குழு உண்மையிலேயே உதவுமா?

வீட்டு விஷயத்தை அந்நியர் நடுவே பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தாயாரைப் பெரும்பாலும் நீங்கள் ஒருவரே பார்த்துக்கொள்கிறீர்கள் என்றும், உடன்பிறந்தவர்கள் தொலைபேசியில் நலம் விசாரிப்பதோடு சரி என்றும் ஊகிக்கிறேன். பராமரிப்பவர்கள் கூடித் தங்கள் அனுபவத்தைப் பேசும் ஆதரவுக் குழு நிச்சயம் உதவும் என்பதே என் பதில்.

என் மாமியார் ஓய்வுபெற்ற ஆசிரியை. அல்சைமர் என்ற மறதிநோய் என்று உறுதியான பிறகு, விளக்கேற்றும் நேரம் வந்தாலே இரண்டு புடவைகளை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க" என்று வாசற்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்பார். மருத்துவர் மருந்தின் அளவை மாற்றினார். கூட்டம் நிரம்பிய அந்த வெளிநோயாளிப் பிரிவில் அதற்குமேல் பேச அவருக்கு நேரம் இருக்கவில்லை. சென்னையில் நான் சென்ற குழுவில், மனைவியைப் பராமரித்துவந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்தான், "இதுதான் உங்க வீடுன்னு வாதாடாதீங்கம்மா, அந்த வீட்டுல கிணறு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேளுங்க, கைக்கு ஒரு வேலை கொடுங்க" என்றார். அதன் பிறகு அந்தி சாயும் முன்பே முறத்தில் முருங்கைக்கீரையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். கீரையை உருவிக்கொண்டே கிணற்றடியையும் அங்கிருந்த நந்தியாவட்டைச் செடியையும் பற்றிப் பேசுவார். பல நாட்கள் பையின் நினைவே வராது. எல்லா நாளும் பலித்தது என்று சொல்லமாட்டேன்.

திடீரென்று ஒரு வாரம் அவர் தூக்கமும் பிதற்றலுமாகக் கிடந்தபோது, நோய் முற்றிவிட்டது என்று உறவினர்கள் முடிவுகட்டினார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இப்படி ஆகும், உடனே பரிசோதியுங்கள் என்று சொன்னவர் குழுவில் இருந்த ஒரு பெண்மணி; அதுவே காரணமாகவும் இருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 201ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவர் பத்திரம் செல்லாமல் போய்விடும் என்பதையும் அங்குதான் அறிந்தேன்.

மருத்துவத்துக்குக் குழு மாற்று என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அற்புத எண்ணெய் விற்பவர்கள் நுழையும் குழுக்களும் உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துகிறாரா என்று பார்த்துச் சேருங்கள். ஆறுதல் வார்த்தையால் ஆவதென்ன என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழுவினர், நோயாளிகளைப் பராமரித்த 206 கணவன், மனைவியரிடம் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், குடும்ப ஆலோசனையும் ஆதரவுக் குழுவும் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 329 நாட்கள் கூடுதலாகத் தங்கள் துணையை வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார்கள்.

ஆனால் எனக்கு அங்கே கிடைத்தவற்றுள் பெரியது, என் பேச்சை நம்பும் மனிதர்கள். வெளியூரிலிருந்து நாத்தனார் வந்தால் மாமியார் ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசுவார். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, அண்ணி" என்று சொல்லிவிட்டு அவர் புறப்படுவார், இரவெல்லாம் விழித்திருப்பவள் நான். விருந்தாளி முன் தெளிவாக இருப்பது இந்நோயில் இயல்பு என்று குழுவில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாயிடம் கத்திவிட்டேன் என்று ஒருவர் அழுதபோது, "பெத்தவங்ககிட்ட இப்படியா" என்று யாரும் கேட்கவில்லை.

மறதிநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உதவ 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்குச் சென்னையிலும் கிளை உண்டு. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் மறதிநோய்ப் பிரிவான டெம்கேர்ஸும் இப்பணியைச் செய்கிறது. வேறு ஊரில் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் விசாரியுங்கள். நீங்கள் குழுவுக்குப் போகும் நேரத்தில் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் உங்களுக்கு முதல் தடையாக இருக்கும். நலம் விசாரிக்கும் உடன்பிறந்தவர்களிடம் பணம் கேட்பதற்கு முன், கூட்டம் நடக்கும் நாளில் வந்து அம்மாவுடன் இருக்கும்படி கேளுங்கள். அவர்களும் அந்திப்பொழுதில் ஒருமுறை வீட்டில் இருந்து பார்க்கட்டும்.