ஆயுத நிறுவனத்தின் பணத்தில் ஊர்த் திருவிழா நாடகம் நடத்தலாமா?

மயிலாடுதுறைப் பக்கத்து நாடகக் குழுவினர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘திருவிழாவில் மூன்று இரவு புராண நாடகம் நடத்துகிறோம். பீரங்கி உதிரிபாகம் செய்து ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்று தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்கிறது. மேடை முகப்பில் அதன் பெயர் வரவேண்டுமாம். ஆர்மோனியக்காரரும் இரண்டு நடிகர்களும் மறுக்கிறார்கள். என்ன செய்வது?’

நீங்கள் தயங்குவதற்குக் காரணம், கொடுக்க வருகிறவரை மறுப்பது நன்றிகெட்ட செயலாகிவிடுமோ என்ற அச்சமே என்று நினைக்கிறேன். அந்த அச்சம் தேவையில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட்டாக வேண்டும். கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் அப்பணிகளுள் ஒன்று. ஆகவே அது சட்டம் விதித்த செலவே, உங்கள் குழுவுக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

முகப்புப் பெயரைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரப் பயன் தேடி ஆதரவாளராகத் தரும் பணத்தை நிறுவனம் இந்தக் கணக்கில் காட்ட முடியாது. எனவே தருவது சமூகப் பொறுப்பு நிதியா, விளம்பரச் செலவா என்று எழுத்தில் கேளுங்கள். இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த திட்டங்களை நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி, அங்கே பாருங்கள். என்ன செய்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்பதை ஆண்டறிக்கையில் தேடுங்கள்.

மறுத்தால் பலன் உண்டா என்றால், உண்டு. 2018இல் இங்கிலாந்தின் நியூகாசில், கேட்ஸ்ஹெட் நகரங்களில் நடக்கவிருந்த ‘வடக்கின் மாபெரும் கண்காட்சி’க்கு பிஏஇ சிஸ்டம்ஸ் என்ற பிரிட்டன் ஆயுத நிறுவனம் ஆதரவாளரானபோது கலைஞர்கள் விலகினார்கள், நிறுவனமே பின்வாங்கியது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகர இசைவிழாவில் அமெரிக்க ராணுவமும் ஆயுத நிறுவனமும் ஆதரவாளர்களாக இருந்ததால் 80க்கும் மேற்பட்ட கலைஞர்கள் விலகினர். அடுத்த ஆண்டு அத்தகைய ஆதரவை ஏற்பதில்லை என்று அமைப்பாளர்கள் ஜூனில் அறிவித்தனர். தனியாள் விலகினால் மாற்றாள் வந்துவிடுவார். சேர்ந்து விலகியதே அங்கு வென்றது.

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைச் சம்பளத்தில் வாழும் டெல்டாக் குடும்பங்கள் பல உண்டு. உங்கள் பார்வையாளர்களிலும் அவர்கள் இருக்கக்கூடும். உங்கள் மறுப்பு அந்தத் தொழிலாளர்மீது அல்ல, போரில் ஈட்டிய லாபத்துக்குச் சாமி சன்னதியில் நற்பெயர் வாங்கித் தருவதன்மீதுதான் என்று ஊர்க்கூட்டத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

மறுப்பதே சரி என்பது என் கருத்து. ஆனால் பக்கவாத்தியக்காரரின் இரவுக் கூலிக்கு முதலில் வழி செய்யுங்கள்: தலைக்கட்டு வரி, வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர்களின் நன்கொடை, மூன்று இரவை இரண்டாகக் குறைப்பது என எதுவாயினும். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் ரசீதுடன் திருப்பிக் கொடுங்கள். எல்லோரும் கையெழுத்திட்ட மறுப்புக் கடிதம், நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே நிறுவனத்துக்கும் விழாக் குழுவுக்கும் சேர வேண்டும்.